பொருளாதாரம் படித்துவிட்டு பிரிட்டன் தேர்தலில் நிற்கப் போகும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

உங்களில் யாரிடம் அரசியல் பேசினாலும் லிபரல் டெமாக்ரட் கட்சி அரசியல்வாதி வின்ஸ் கேபிள் பெயர் வந்துவிடுகிறது. "2008 நிதி நெருக்கடியை முன்கூட்டியே சொன்ன பொருளாதார நிபுணர்" என்ற ஒரே வரியில் அவரை முடித்தும்விடுகிறீர்கள். அது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது, அதனால்தான் இந்தக் கடிதம். தமிழ் வாசிக்க வராதவர்களுக்கு அம்மாவோ அப்பம்மாவோ வாசித்துச் சொல்லட்டும்.

அந்த வரி பொய்யில்லை. 2003 நவம்பரில் நாடாளுமன்றத்தில் எழுந்து, நிதியமைச்சர் கார்டன் பிரவுனிடம் நேராகவே கேட்டார். வளர்ச்சி என்று நீங்கள் காட்டுவது மக்கள் கடன் வாங்கிச் செலவழிப்பதுதானே? அந்தக் கடனுக்கு ஈடு, அளவுக்கு மீறி ஏறிப்போன வீட்டு விலைதானே? பிரவுன் இங்கிலாந்து வங்கி சொன்னதைக் காட்டித் தட்டிக்கழித்தார். நான்கு வருடம் கழித்து நார்தர்ன் ராக் வங்கி வாசலில், போட்ட பணத்தை எடுக்க ஜனம் வரிசையில் நின்றது. அதை அரசுடைமையாக்குங்கள் என்றார் கேபிள். அரசு இழுத்தடித்துவிட்டு, 2008 பிப்ரவரியில் அதைத்தான் செய்தது. இடையில், அதற்குள் பிரதமராகிவிட்டிருந்த பிரவுன் சில வாரங்களிலேயே ஸ்டாலினிலிருந்து மிஸ்டர் பீனாக மாறிவிட்டார் என்று அவர் அடித்த கிண்டலுக்குச் சபையே சிரித்தது. (ரஷ்யா ஸ்டாலின்தான், சென்னைக்காரர் இல்லை.)

சரி. ஆனால் எதிர்க்கட்சி வரிசையில், அதுவும் மூன்றாவது கட்சியில் உட்கார்ந்துகொண்டு சரியாகச் சொல்வதற்குப் பெரிய விலை கொடுக்க வேண்டியதில்லை. நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டியது 2010 கேபிளை.

அதற்கு முன்னால் அவர் எங்கிருந்து வந்தார் என்பதைப் பார்த்துவிடுங்கள். 1943இல் யார்க் நகரில் பிறந்தவர். அப்பா ரவுன்ட்ரீ சாக்லேட் கம்பெனியில் வேலை பார்த்தவர், அம்மா டெர்ரிஸ் கம்பெனியில் சாக்லேட் பொதி கட்டியவர். கேம்பிரிட்ஜில் அறிவியலில் தொடங்கிப் பொருளாதாரத்துக்கு மாறினார். 1966இல் கென்யா நிதியமைச்சகத்தில் வேலைக்குப் போனார். கென்யாவில் வாழ்ந்த கோவா குடும்பத்துப் பெண் ஒலிம்பியா ரெபெலோவைக் கல்யாணம் செய்தபோது கேபிளின் அப்பா ஏற்கவில்லை, வருடக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லை. நம் வீடுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்புறம் கிளாஸ்கோவில் விரிவுரையாளர், தொழிற்கட்சி கவுன்சிலர், காமன்வெல்த் செயலகம், கடைசியில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் தலைமைப் பொருளாதார நிபுணர். அந்தப் பதவியில் இருந்த 1995இல்தான் நைஜீரிய ராணுவ அரசு, அங்கே ஷெல்லின் எண்ணெய் மாசை எதிர்த்துப் போராடிய எழுத்தாளர் கென் சாரோ-விவாவைத் தூக்கிலிட்டது. ஷெல் பற்றிய கேள்வி அவரைப் பிறகும் விடவில்லை. கம்பெனி வேலையிலிருந்து அரசியலுக்கு வர நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது 2010. தேர்தலுக்கு முன்பே கட்சித் தலைவர் நிக் கிளெக்குக்கும் கேபிளுக்கும் பல்கலைக்கழகக் கட்டணத்தை ஒழிப்பது கட்டுப்படியாகாது என்று தெரியும். கொள்கையை மாற்றப் பார்த்தார்கள், கட்சிக்குள் விடவில்லை. சரியென்று, கட்டண உயர்வை எதிர்த்தே வாக்களிப்பேன் என்ற மாணவர் சங்க உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டார்கள். தேர்தலில் வென்ற லிபரல் டெமாக்ரட்கள் 57 பேருமே போட்டவர்கள்தான். கன்சர்வேட்டிவ் கட்சியோடு கூட்டணி அமைந்தது, கேபிள் வணிக அமைச்சரானார், பல்கலைக்கழகங்களும் அவர் துறைக்கே வந்தன. வருடக் கட்டண உச்சவரம்பை 9,000 பவுண்டாக்கும் திட்டத்தை அவரே கொண்டுவர வேண்டியதாயிற்று. தன் திட்டத்துக்கே வாக்களிக்காமல் ஒதுங்கி நிற்கலாம் என்று ஒரு கட்டத்தில் பேட்டியில் சொன்னார்! டிசம்பர் 9 அன்று ஆதரித்தே வாக்களித்தார். 323க்கு 302 என்று திட்டம் நிறைவேறியது. அவர் கட்சிக்காரர்கள் 21 பேர் எதிர்த்தார்கள்.

பொருளாதாரக் கண்ணோடு பார்த்தால் திட்டம் அவ்வளவு மோசமில்லை என்பது என் கருத்து. அன்றைய திட்டப்படி கட்டணத்துக்கான கடனை, படித்து முடித்து வருடத்துக்கு 21,000 பவுண்டுக்கு மேல் சம்பாதித்தால்தான் கட்ட வேண்டியிருந்தது, மிஞ்சுவதில் 9 சதவீதம். 25,000 பவுண்டு சம்பளக்காரருக்கு மாதம் 30 பவுண்டு. 30 வருடத்தில் பாக்கி தள்ளுபடி. இதை அவரால் மணிக்கணக்கில் விளக்க முடியும், விளக்கவும் செய்தார். வெளியே நின்ற மாணவர்கள் கையில் இருந்தது கேபிள் கட்சிக்காரர்கள் கையெழுத்திட்ட உறுதிமொழி அட்டை. அவர் விளக்கம் அந்த அட்டைக்குப் பதிலாகவில்லை, அதில் வியப்பும் இல்லை.

2015 தேர்தலில் அந்தக் கட்சியின் 57 எம்.பி.க்கள் 8 ஆனார்கள். முந்தைய தேர்தலில் 12,000க்கு மேல் வித்தியாசத்தில் வென்ற ட்விக்கனம் தொகுதியைக் கேபிள் 2,017 வாக்கில் இழந்தார். 2017இல் திரும்பி வந்து கட்சித் தலைவரும் ஆனார், அது வேறு கதை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கிளைக் கூட்டத்திலும் ஒருநாள் இப்படி ஓர் அட்டை வரும். வீட்டு வாடகைக்கோ, மருத்துவமனைக்கோ, வரிக்கோ. அந்த அறையில் கணக்குத் தெரிந்தவர் நீங்கள் ஒருவராக மட்டும் இருக்கலாம். பணம் எங்கிருந்து வரும், கூட்டணிக்குப் போனால் இதை விட்டுக்கொடுப்போமா என்று பேனாவை எடுக்கும் முன் எல்லார் முன்னாலும் கேளுங்கள். தலைமையிடம் தனியாகக் காதில் ஓதிவிட்டு, வெளியே வந்து கையெழுத்துப் போடாதீர்கள். கேட்டதற்காக இந்தத் தடவை உங்களுக்குச் சீட்டு கிடைக்காமல் போகலாம். போகட்டும். கேபிள் 1970இல் முதல் முறை நின்றார், ஜெயித்தது 1997இல்.

அன்புடன்,
உங்களுக்கு ஓட்டுப் போடக் காத்திருக்கும் ஒருவர்