தலைப்பில் எலியைக் காணோமே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் உங்கள் பத்திரிகையில், ஸ்பைரோனோலாக்டோன் என்ற இதய மாத்திரை குடியை மறக்கடிக்கும் என்ற மாதிரி ஒரு சின்னச் செய்தி வந்தது. நானும் மேலோட்டமாகப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். இரண்டு வாரம் கழித்து அதே செய்தி கத்தரித்த துண்டாக என் கடை மேஜைக்கு வந்து சேர்ந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

தேவகோட்டைப் பக்கம் மருந்துக்கடை வைத்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. யார் வீட்டில் யாருக்கு என்ன மாத்திரை, எந்தத் தேதிக்குத் தீரும் என்பதெல்லாம் பாதி மனப்பாடம். ஒன்றாம் தேதி முப்பது ஸ்பைரோனோலாக்டோன் வாங்கிப் போன ஆச்சி ஒருவர் இருபதாம் தேதியே வந்து நின்றார். "இன்னும் பத்து நாளைக்கு இருக்கணுமே ஆச்சி" என்றேன். சுருக்குப்பையைப் பிரித்து அந்தத் துண்டை எடுத்து நீட்டினார். "பேப்பர்லயே போட்டுட்டான் தம்பி. தினம் ஒண்ண இடிச்சு மகனுக்கு ரசத்துல கலந்து ஊத்துறேன். அவுகளுக்குத்தான் ரெண்டு நாளா இல்ல."

'அவுக' என்றால் வீட்டுக்காரர். இதயம் பலவீனப்பட்டு, காலில் நீர் கோத்துக்கொள்கிற மனிதர். நேற்றிலிருந்து செருப்பு மாட்ட முடியவில்லை என்றும் ஆச்சியே சொன்னார், ஆனால் அதையும் இதையும் முடிச்சுப் போடவில்லை. நோயாளிக்கு மருந்து இல்லை, மகனுக்கோ தான் மருந்து சாப்பிடுகிறோம் என்பதே தெரியாது.

துண்டை இரண்டு முறை படித்தேன். எலி என்ற சொல் தலைப்பில் இல்லை, முதல் பத்தியிலும் இல்லை, கடைசி வரிக்கு முந்தின வரியில் இருந்தது. ஆச்சி அவ்வளவு தூரம் போகவில்லை, யார்தான் போவார்கள்?

அந்த ஆய்வு புதுசும் இல்லை, 2022-இல் வந்தது. அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களும் யேல் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தது. சுண்டெலிக்கும் எலிக்கும் சாராயத்தைப் பழக்கி இந்த மருந்தைக் கொடுத்தார்கள். மருந்து கூடக் கூடக் குடிக்கிற அளவு குறைந்தது, தீனியும் தண்ணீரும் குறையவில்லை. இன்னொரு பக்கம் அங்கத்திய முன்னாள் படைவீரர்களின் மருத்துவப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். வேறு நோய்க்காக இந்த மாத்திரை சாப்பிட்டவர்கள், சாப்பிடாதவர்களைவிடக் குடியைக் கொஞ்சம் கூடுதலாகவே குறைத்திருந்தார்கள். நல்ல ஆய்வுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் குடிநோயாளிகளைக் கூப்பிட்டு, பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையும் கொடுத்துச் சரிபார்த்ததல்ல அது. இனிமேல்தான் அதைச் செய்ய வேண்டும் என்று செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

பழைய இதய மருந்தை எடுத்து எலியிடம் மனநோய்க்குச் சோதிப்பதே வெட்டிவேலை என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். நம் சர்ப்பகந்தி வேரையே பாருங்கள். ரத்த அழுத்தத்துக்கும் சித்தம் கலங்கியவர்களுக்கும் அது கேட்கிறது என்று 1931-இலேயே கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். 1952-இல் அதிலிருந்து ரெசர்ப்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள், இரண்டே வருஷத்தில் அது அமெரிக்க மனநோய் மருத்துவமனைகளுக்குள் போய்விட்டது. அப்புறம் 1957-இல் ஸ்வீடனில் அர்விட் கார்ல்சன் என்ற விஞ்ஞானி, ரெசர்ப்பின் கொடுத்து அசையாமல் கிடந்த முயல்களுக்கு எல்-டோப்பா என்ற மருந்தைப் போட்டார், அவை எழுந்து நடமாடின. இன்று பார்க்கின்சன் நோயாளிக்கு நான் எடுத்துக் கொடுக்கிற மாத்திரைக்கு வேர் அங்கே இருக்கிறது. காப்புரிமை காலாவதியான மாத்திரையில் கம்பெனிக்குப் பெரிய லாபம் கிடையாது, அதனால் இந்த மாதிரி சோதனைக்கு அரசாங்கம்தான் பணம் போட வேண்டும், போடட்டும்.

ஆனால் எலியிலிருந்து ஆளுக்கு வருகிற வழி நீளம். எலி ராத்திரியில் எத்தனை மில்லி குடித்தது என்று அளந்துவிடலாம். மனச்சோர்வை எப்படி அளப்பது? தண்ணீர் நிறைந்த கண்ணாடிக் குழாயில் எலியைப் போட்டு, நீந்துவதை எப்போது நிறுத்துகிறது என்று பார்க்கிற சோதனை 1977-இலிருந்து நடக்கிறது. நிறுத்தினால் நம்பிக்கை இழந்துவிட்டது என்று கணக்கு. அது களைப்பாக இருக்கலாம், சும்மா மிதந்தாலே போதும் என்று கற்றுக்கொண்ட சாமர்த்தியமாகவும் இருக்கலாம் என்பது என் எண்ணம். மனிதரிடம் வந்த பிறகும் சறுக்குகிறது. பிரசோசின் என்கிற பிரஷர் மாத்திரை போர்முனைக்குப் போய் வந்தவர்களின் கெட்ட கனவுக்கு நன்றாக வேலை செய்கிறது என்று சின்ன ஆய்வுகள் சொல்லிக்கொண்டே இருந்தன. 304 பேரை வைத்துப் பெரிதாகச் செய்து பார்த்ததும், 2018-இல், வெறும் மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை என்று முடிவு வந்தது.

"பழைய மாத்திரைதானே, என்ன செய்துவிடும்?" என்பவர்களுக்காக ஒன்று. ஸ்பைரோனோலாக்டோன் இதயம் பலவீனமானவர்களைக் காப்பாற்றுகிறது என்று 1999-இல் பெரிய ஆய்வு ஒன்று வந்தது. கனடாவின் ஒன்டாரியோவில் டாக்டர்கள் சட்டென்று எல்லாருக்கும் எழுதத் தொடங்கினார்கள். இந்த மாத்திரை ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது. அப்படிப் பொட்டாசியம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 1994-இல் ஆயிரம் நோயாளிகளுக்கு 2.4 பேர், 2001-இல் 11 பேர். செத்தவர்களும் கூடினார்கள். இத்தனைக்கும் எழுதிக் கொடுத்தவர்கள் டாக்டர்கள், சரியான நோய்க்குத்தான் கொடுத்தார்கள். இங்கே ரசத்தில் கலந்து கொடுக்கிறோம். மகன் தினம் இளநீர் குடிப்பாராம், வீட்டில் பெரியவருக்காக வாங்கி வைத்திருக்கும் சோடியம் குறைந்த உப்பைத்தான் எல்லாருக்கும் போடுகிறார்களாம். இளநீரிலும் பொட்டாசியம் உண்டு, அந்த உப்பிலும் சோடியத்தைக் குறைத்துவிட்டுப் பொட்டாசியத்தைத்தான் சேர்க்கிறார்கள்.

எங்கள் பக்கமும் தப்பு உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மாத்திரையை, தெரிந்த முகம் என்று பழைய அட்டையைப் பார்த்து எடுத்துக் கொடுப்பவர்கள்தான் நாங்கள். குடியை நிறுத்துகிற டைசல்ஃபிராமை வீட்டுக்காரருக்குத் தெரியாமல் குழம்பில் போடுவதற்கென்றே கேட்டு வருகிற பெண்களையும் வருஷாவருஷம் பார்க்கிறேன். அது தெரியாமல் அவர் குடித்தால் உயிருக்கே ஆபத்து. அவர்களுக்கு வேறு கதவு தெரியவில்லை.

ஆகவே ஆசிரியரே, விலங்குகளிடம் நடந்த சோதனை என்றால் 'எலியிடம்' என்று தலைப்பிலேயே போடுங்கள். ஒரு சொல்தான், இடம் பற்றாது என்று சொல்லாதீர்கள். அப்படியே செய்தியின் அடியில் மனநல உதவி எண் 14416-ஐயும் போடலாம்.

அன்றைக்கே இருவரையும் டாக்டரிடம் அனுப்பினேன். மகனுக்கு ரத்தம் எடுத்தார்கள், பொட்டாசியம் சரியாக இருந்தது. பெரியவருக்கு வீக்கம் வடிய ஒரு வாரம் ஆனது. மகனிடம் விஷயத்தைச் சொல்லியாயிற்றா என்று நான் கேட்கவில்லை. மறுபடி கடைக்கு வந்தபோது ஆச்சி கேட்டது இதுதான்: "அப்ப எலிக்கு நின்னுச்சா தம்பி?"

"குறைச்சுக்கிட்டுச்சு ஆச்சி, நிக்கல" என்றேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரர்,
தேவகோட்டை