அந்த 40 மணி நேரம்

கோபி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நடவு நடக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை.

போன வாரம் போனில் உன் பையன் கேட்டது மனதிலேயே நிற்கிறது. "கட்டாயப்படுத்திச் செய்ய வைத்தால் அது எப்படி அப்புச்சி சேவையாகும்?" கனடாவில் நீங்கள் இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தில் 1999 முதலே இருக்கிற விதி அது. 40 மணி நேரம் ஊருக்கு உழைத்தால்தான் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ். நீயும், அவன் வேலை செய்ததாகத் தெரிந்தவர் ஒருவர் சும்மாவே கையெழுத்துப் போட்டுத் தருவார், படிப்பு கெட வேண்டாமே என்றாய். அப்போது நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

நான் ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துக் கக்கூசைக் கழுவ ஆள் வேண்டுமென்றால் வாத்தியார் யார் பெயரையும் சொல்ல மாட்டார். வகுப்பைப் பார்த்து, "போங்கடா" என்பார். காலனிப் பையன்கள் இரண்டு பேர் எழுந்து போவார்கள். நாங்கள் தோட்டத்துக்காரர் வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்தே இருப்போம். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அந்த இரண்டு பேரின் முதுகு இன்னும் கண்ணில் நிற்கிறது, அம்மிணி.

அந்தக் காலத்துச் சட்டமும் அப்படித்தான். ஏரிக்கரை, வாய்க்கால் கரை உடையும் நிலை வந்தால் ஊர் ஆட்களைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கலாம் என்று 1858-இல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் வந்தது. அது அழைத்தது உழைக்கும் வகுப்பாரை மட்டும். பண்ணையம் பார்ப்பவருக்கு அதில் வேலை இல்லை. நம் அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு அதற்கு நேர்மாறு. பொதுக் காரியத்துக்காக அரசு கட்டாயச் சேவை வைக்கலாம், ஆனால் மதம், இனம், சாதி, வர்க்கம் பார்த்து ஆள் பிரிக்கக் கூடாது என்கிறது.

அதனால்தான் கட்டாயம் வேண்டும் என்கிறேன். விருப்பத்துக்கு விட்டால் எப்போதும் அதே பிள்ளைகள்தான் எழுந்து போவார்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தை நம் பள்ளியில் நான் பார்த்துக்கொண்டபோதும் இதே கதைதான். வீட்டில் மாடு பிடித்துக் கட்டிப் பழகியவர்கள் தாமே பெயர் கொடுப்பார்கள். டியூஷன் போகிற பிள்ளைகளின் அப்பாக்கள் வந்து, "சார், டாக்டருக்குப் படிக்கிறான், விட்டுருங்க" என்பார்கள்.

ஒரு வருஷம் பிடிவாதமாக அப்படி நாலு பேரைச் சேர்த்தேன். நீ அப்போது ஆறாவது. ஏழு நாள் முகாம், காலனிப் பக்கம் கிளை வாய்க்கால் தூர் வாரும் வேலை. அதில் ஒருவன் மூன்று நாள் அங்கே தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, வீட்டிலிருந்து பாட்டில் வரும். நாலாம் நாள் வெயிலில் பாட்டில் காலி. ஓர் ஆயா சொம்பை நீட்டினார். அவன் என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. வாங்கிக் குடித்தான். அவன் திருந்திவிட்டான் என்று சொல்ல மாட்டேன், அது எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வாசலுக்கு அவன் தானாக ஒரு நாளும் வந்திருக்க மாட்டான்.

ஆக, அந்தக் கையெழுத்து வேண்டாம் கண்ணு. அதை வாங்கினால், உட்கார்ந்தே இருக்கலாம் என்றுதான் அவன் படிப்பான். என்ன வேலை என்பதை அவனே தேர்ந்தெடுக்கட்டும், அதில் நீ தலையிடாதே. முதியோர் இல்லமோ, நூலகமோ, பனி தள்ளுவதோ, எதுவானாலும் சரி. அலுப்பாக இருந்தால் அலுத்துக்கொள்ளட்டும், தப்பில்லை.

முதல் நாள் போய் வந்ததும் எனக்குப் போன் பண்ணச் சொல். இங்கே விடிகாலை ஆனாலும் பரவாயில்லை, விழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா