ஞாயிறு இரவு 8 மணி: சிறுநீரகக் கட்டி அப்லேஷன் வகுப்பு

வணக்கம். ஊசி செலுத்திக் கட்டியை இருந்த இடத்திலேயே அழிக்கும் அப்லேஷன் பற்றிப் பேச இந்த ஞாயிறு ஜூமில் சந்திப்போம். ஆர்எஃப்ஏ (ரேடியோ அலைவரிசை மின்சாரத்தால் சுடுவது), மைக்ரோவேவ் (நுண்ணலையால் சுடுவது), கிரையோ (உறைய வைப்பது) ஒப்பீட்டைச் சீக்கிரம் முடித்துவிடலாம், எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதிக நேரம் ஹைட்ரோடிசெக்‌ஷனுக்கு: கட்டியை ஒட்டிக் குடல் கிடந்தால் திரவம் செலுத்தி விலக்குவது எப்படி? ஆர்எஃப்ஏ என்றால் சலைன் (உப்புக் கரைசல்) வேண்டாம், அது மின்சாரத்தைக் கடத்தும், 5% டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) தான். கிரையோவில் சிடி ஸ்கேனில் தெரியும் பனி உருண்டையின் விளிம்பு 0 டிகிரிதான், அங்கே செல் சாகாது. அதனால் உருண்டை கட்டியைத் தாண்டி 5 மி.மீ.யாவது போக வேண்டும்.

அப்புறம், பயாப்சி (திசு எடுத்துச் சோதிப்பது) எடுக்காமலே அப்லேஷன் செய்த கேஸ்கள் இருந்தால் கட்டாயம் கொண்டு வாருங்கள். அதில் சண்டை போட நிறைய இருக்கிறது. நோயாளியின் பெயர், ஐடியை அழித்துவிட்டுச் சனிக்கிழமைக்குள் படங்களை அனுப்புங்கள். லிங்க் அன்று மாலை இங்கேயே வரும்.