ரெபெக்காள் சொன்ன 'சிலநாள்'

அன்புள்ள அக்கா,

ஸ்தோத்திரம். ஞாயிறு ஆராதனை முடிந்து நீங்கள் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. பெயர் போடாமல் எழுது, மற்ற அம்மாக்களும் வாசிக்கட்டும் என்று நீங்களே சொன்னதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

இரண்டு வருஷம் போகட்டும், அப்புறம் கல்யாணம் என்று மகன் சொல்லியும் அவனுக்குத் தெரியாமல் பயோடேட்டாவை அனுப்பியது, அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று சொல்லி பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் அவனை வரவழைத்தது, பதறிப்போய் வந்தவனிடம் சாயங்காலம் பெண் வீட்டார் வருகிறார்கள் என்று புதுச் சட்டையை நீட்டியது. இப்போது அவன் போனை எடுப்பதில்லை. 'எல்லாம் ஜெபித்துவிட்டுத்தான் செய்தேன்' என்றீர்கள். ஜெபித்தீர்கள், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஜெபத்தில் மாதம், பெண், மண்டபம் எல்லாம் முடிவாகியிருந்தது, கர்த்தர் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

வேதத்தில் வருகிற ஈசாக்கின் மனைவி ரெபெக்காளும் ஜெபித்தவள்தான் அக்கா. வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள் மோதிக்கொண்டபோது கர்த்தரிடம் போய் விசாரித்தாள், 'மூத்தவன் இளையவனைச் சேவிப்பான்' என்று நேரடியாகப் பதிலும் வாங்கினாள். புது வருஷ ஆராதனையில் நமக்குக் கிடைக்கிற, வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையை விடத் தெளிவான வார்த்தை அது. அப்படியிருந்தும், ஈசாக்கு மூத்தவன் ஏசாவை ஆசீர்வதிக்கப் போகிறான் என்று காதில் விழுந்ததும் அவளால் பொறுக்க முடியவில்லை. இரண்டு வெள்ளாட்டுக்குட்டி, ருசியான சமையல், உடம்பெல்லாம் ரோமமுள்ள ஏசாவென்று நினைக்கும்படி இளையவன் யாக்கோபின் கையிலும் கழுத்திலும் ஆட்டுத்தோல், கண் தெரியாத புருஷனிடம் பொய். மகன் பயந்தபோது, 'உன்மேல் வரும் சாபம் என்மேல் வரட்டும்' என்றாள். அந்த வார்த்தையில் இருக்கிற தாய்ப்பாசத்தை நான் குறை சொல்லமாட்டேன். வாக்குத்தத்தத்தையும் அவள் முழுசாக நம்பினாள். அதைக் கர்த்தர் தம்முடைய வழியில் நடத்துவார் என்பதைத்தான் அவளால் நம்ப முடியவில்லை, எனக்கு அப்படித்தான் படுகிறது.

ஆசீர்வாதத்தைத் தம்பியிடம் பறிகொடுத்த ஏசாவின் கோபம் தணிகிறவரை தன் சகோதரன் லாபான் வீட்டில் 'சிலநாள்' இரு என்று சொல்லி யாக்கோபை அனுப்பினாள். அது 20 வருஷம் ஆனது. திரும்பி வந்தபோது தகப்பன் ஈசாக்கு உயிரோடிருந்தான், ரெபெக்காளின் தாதி தெபொராள் இறந்ததைக்கூட ஆதியாகமம் 35-ஆம் அதிகாரம் சொல்கிறது, ஆனால் ரெபெக்காள் அந்த மகனின் முகத்தை மறுபடி பார்த்ததாக ஒரு வரி இல்லை. யாருக்காக எல்லாவற்றையும் செய்தாளோ, அவனையே.

அப்படியானால் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருக்கணுமா என்று கேட்பீர்கள். இல்லை அக்கா. மோசேயின் தாய் யோகெபேத் சும்மா இருக்கவில்லை. எபிரெய ஆண்பிள்ளைகளை நதியில் போடச் சொல்லி எகிப்து ராஜா பார்வோன் கட்டளையிட்டிருந்தபோது மூன்று மாதம் பிள்ளையை ஒளித்து வைத்தாள், இனி முடியாது என்றானபோது நாணற்பெட்டி எடுத்து, தண்ணீர் புகாதபடி பிசினும் கீலும் பூசினாள். அம்மாக்கள் செய்யக்கூடிய வேலை அது, அதை ஒழுங்காகச் செய்தாள். அதற்குப் பிறகு நதியோரத்தில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட்டாள், அந்தப் பக்கம் பார்வோனின் குமாரத்தி குளிக்க வந்து பிள்ளையை எடுக்கும்படி அவளால் ஏற்பாடு செய்திருக்க முடியுமா என்ன?

உங்கள் மகனுக்கு வேதம் வாசிக்கச் சொல்லிக் கொடுத்தது நீங்கள், அவன் படிப்புக்காக நகையை அடகு வைத்ததும் நீங்கள்தான். அதெல்லாம் வீணாகாது. இப்போது அவன் வளர்ந்த ஆள், அவன் கல்யாண விஷயத்தை அவனும் கர்த்தரும் பேசிக்கொள்ள விடுங்கள். அந்தப் பெண் வீட்டாரிடமும் உண்மையைச் சொல்லிவிடுங்கள், பாவம், அவர்கள் நம்பிக் காத்திருப்பார்கள்.

அப்பா நன்றாக இருக்கிறார், அன்றைக்குச் சொன்னது பொய், மன்னித்துவிடு என்று அவனுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போடுங்கள். பெண் பேச்சே அதில் வேண்டாம். அவன் உடனே பதில் போடாவிட்டால் அண்ணன் மூலமோ பாஸ்டர் மூலமோ சொல்லி அனுப்பாதீர்கள். அவனாகக் கூப்பிடும்போது, சாப்பிட்டாயா என்று மட்டும் கேளுங்கள் அக்கா.

உங்களுக்காக ஜெபிக்கும்,
தங்கை