இரண்டாவது பூட்டுக்கு மாற்றுச் சாவி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையக் கணக்குகளின் பாதுகாப்பு பற்றி நாளிதழ்களில் வரும் குறிப்புகள் பெரும்பாலும் "இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி வையுங்கள்" என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடுகின்றன. கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும், பெரும்பாலும் கைப்பேசியில் கிடைக்கும் ஓர் எண்ணை, தளம் கேட்பதுதான் இரட்டைச் சரிபார்ப்பு. அந்த வரியைப் படித்து அவசரமாக இயக்கியவர்கள், கைப்பேசி தொலைந்த அன்று தங்கள் கணக்குக்குள்ளேயே நுழைய முடியாமல் தவிக்கிறார்கள். எப்படியோ மீண்டு வந்ததும் செய்கிற முதல் வேலை, அந்தப் பாதுகாப்பை அணைப்பது. இது பெரிய இழப்பு. முறையாக அமைத்தால் இப்படி மாட்டிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

முதலில் பூட்ட வேண்டியது மின்னஞ்சல் கணக்கைத்தான். வேறு எந்தத் தளத்தில் "கடவுச்சொல் மறந்துவிட்டதா?" என்று அழுத்தினாலும், புதுக் கடவுச்சொல்லுக்கான இணைப்பு வந்து விழுவது மின்னஞ்சல் பெட்டியில். அது ஒருவர் கையில் சிக்கினால் மற்றவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்துவிடலாம்.

அடுத்து, எந்த வகைச் சரிபார்ப்பு? குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி எல்லோருக்கும் பழகியது. ஆனால் அது உங்கள் கைப்பேசிக்கு வருவதில்லை, உங்கள் எண்ணுக்கு வருகிறது. தொலைபேசி நிறுவனத்தை ஏமாற்றி உங்கள் எண்ணுக்கு வேறொருவர் புது சிம் வாங்கிவிட்டால், ஓடிபி அவருக்குப் போகும். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் 2017இல் வெளியிட்ட அடையாளச் சரிபார்ப்பு நெறிமுறையில் குறுஞ்செய்தி வழியைக் கட்டுப்பாட்டுக்குரிய வகையில் சேர்த்தது இத்தகைய ஆபத்துகளால்தான். ஒரு தளத்தில் குறுஞ்செய்தியைத் தவிர வேறு வழி இல்லையென்றால் அதையாவது இயக்குங்கள். வெறும் கடவுச்சொல்லைவிட அது எவ்வளவோ மேல். கைப்பேசியிலேயே சரிபார்ப்பு எண்ணை உருவாக்கித் தரும் ஆதென்டிகேட்டர் செயலியின் வழி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

செயலி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், அதில் வரும் கோளாறுகளில் முக்கால்வாசி தானாகவே விளங்கிவிடும். தளம் காட்டும் கியூஆர் குறியீட்டுக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. ஸ்கேன் செய்ததும் அதன் நகல் கைப்பேசியில் பதிகிறது. அதே சாவி தளத்தின் சர்வரிலும் இருக்கிறது. சாவியையும் அந்த நேரத்தையும் சேர்த்து இரு பக்கமும் தனித்தனியே ஒரே கணக்கைப் போடுகின்றன. விடை ஆறு இலக்க எண், பெரும்பாலான தளங்களில் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும். 2011இல் பொதுத் தரமாக வெளியான முறை இது. எண்ணை யாரும் உங்களுக்கு அனுப்புவதில்லை. அதனால் சிக்னல், இணையம் இரண்டும் இல்லாத இடத்திலும் செயலி எண் தரும்.

சரியாகத்தான் பார்த்து அடிக்கிறேன், தளம் ஏற்க மறுக்கிறது என்று பலர் குழம்புவதற்கு முதல் காரணம் கடிகாரம். கைப்பேசியின் நேரம் ஒரு நிமிடம் பிசகினாலே கணக்கின் விடை மாறிவிடும். தேதி, நேர அமைப்பில் "தானியங்கி" என்பதை இயக்கினால் போதும். இரண்டாவது காரணம் பாதியில் விட்டுவிட்டு மறுபடி தொடங்குவது. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் தளம் புதுச் சாவி தரும். செயலியில் ஒரே பெயரில் இரண்டு வரிகள் நிற்கும், அவற்றில் பழையது செல்லாது. அதை அழித்துவிடுங்கள். ஆனால் சரிபார்ப்பையே நிறுத்த நினைத்துச் செயலியிலிருக்கும் வரியை நீக்கிவிடாதீர்கள். தளம் தொடர்ந்து எண் கேட்கும், தருவதற்கு உங்களிடம் எதுவும் இருக்காது. நிறுத்துவதானால் முதலில் தளத்தில் நிறுத்த வேண்டும்.

அமைக்கும்போது கணினியில் தளத்தைத் திறந்து, கையில் கைப்பேசியோடு உட்காருவது எளிது. கணக்கு அமைப்புகளில் "பாதுகாப்பு" பகுதிக்குப் போய், கடவுச்சொல்லை மறுபடி கொடுத்து, செயலி வழியைத் தேர்ந்தெடுத்தால் கியூஆர் குறியீடு வரும். இரண்டாவது கைப்பேசியோ டேப்லெட்டோ இருந்தால் அதிலும் இதே குறியீட்டை இப்போதே ஸ்கேன் செய்யுங்கள். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும், ஒன்று போனாலும் மற்றது உதவும். பொதுவாக இந்தத் திரையை விட்டு நகர்ந்த பிறகு அதே குறியீட்டைத் தளம் மறுபடி காட்டாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்காதீர்கள். அந்தப் படம் புகைப்படங்களோடு சேர்ந்து கிளவுடுக்குப் போய்விட்டால் சாவியும் அங்கே போய்விட்டது என்றே பொருள்.

தளத்தைக் கைப்பேசியிலேயே திறந்திருப்பவர்கள் தங்கள் திரையைத் தாங்களே ஸ்கேன் செய்ய முடியாது. அவர்களுக்காகச் சாவியை எழுத்து வடிவில் காட்டும் இணைப்பு அருகிலேயே இருக்கும். நகலெடுத்துச் செயலியில் ஒட்டலாம். கையால் பார்த்து எழுதுவோருக்கு ஒரு குறிப்பு: அதில் ஆங்கில எழுத்துகளும் 2 முதல் 7 வரையிலான எண்களும் மட்டுமே வரும். பூஜ்யம் போலத் தெரிவது 'ஓ' என்ற ஆங்கில எழுத்து. ஒன்று போலத் தெரிவதும் எழுத்துதான்.

செயலி காட்டும் எண்ணைத் தளத்தில் கொடுத்ததும் வரும் திரையைத்தான் பெரும்பாலோர் படிக்காமல் கடந்து போகிறார்கள். செயலி கைவசம் இல்லாதபோது அதன் எண்ணுக்குப் பதிலாகக் கொடுக்கும் மீட்புக் குறியீடுகள் அங்கேதான் கிடைக்கின்றன. கூகுள் கணக்கு என்றால் எட்டு இலக்கத்தில் பத்துக் குறியீடுகள். மற்ற தளங்களில் எண்ணிக்கையும் நீளமும் மாறும். சில தளங்களில் இவை தானாக வராது, பாதுகாப்புப் பக்கத்தில் தேடி எடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். புதுத் தொகுப்பு எடுத்தால் பழைய தொகுப்பு முழுவதும் செல்லாமல் போகும், ஆகவே தாளில் தேதி குறியுங்கள். அச்சிட்டோ எழுதியோ இரண்டு வேறு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். அந்த மின்னஞ்சலுக்குள்ளேயோ அந்தக் கைப்பேசிக்குள்ளேயோ மட்டும் வைத்தால், பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிய கதைதான்.

இத்தோடு எழுந்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் சாளரத்தை மூடாமல், வேறொரு பிரவுசரில் புதிதாக உள்நுழைந்து பாருங்கள். ஒருமுறை செயலி எண்ணால், இன்னொரு முறை ஒரு மீட்புக் குறியீட்டால். பத்தில் ஒன்று செலவானாலும் தவறில்லை. எது தவறியிருந்தாலும் முதல் சாளரம் திறந்தே இருப்பதால் திருத்திவிடலாம்.

செயலி எல்லாவற்றையும் தடுத்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அசல் போன்ற போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லையும் ஆறு இலக்க எண்ணையும் கொடுத்தால், மோசடிக்காரர் அதே நிமிடத்தில் அவற்றை அசல் தளத்தில் போட்டு உள்ளே போய்விடுவார். எண்ணுக்குத் தான் எந்த முகவரியில் தட்டச்சாகிறது என்று தெரியாது. பாதுகாப்புச் சாவி எனப்படும் சிறு யூஎஸ்பி கருவியும், கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைப்பேசியிலோ கணினியிலோ பதிந்திருக்கும் மின்னணுச் சாவியான பாஸ்கீயும் தளத்தின் முகவரியோடு பிணைந்தவை. முகவரி ஓர் எழுத்து மாறினாலும் அவை பதில் தராது. இவற்றுக்கு அடிப்படையான வெப்ஆத்தன் என்ற உள்நுழைவு முறை 2019இலேயே இணையத் தரமாகிவிட்டது. மின்னஞ்சலுக்காவது இதை அமைத்துக்கொள்வது நல்லது. வைத்திருப்பது யூஎஸ்பி கருவி என்றால், ஒன்று தொலைந்தாலும் மற்றது உதவும்படி இரண்டு கருவிகளைப் பதிவு செய்யுங்கள்.

கடவுச்சொல்லுக்குப் பிறகே ஓடிபி கேட்கும் தளத்திலிருந்து, நீங்கள் கேட்காமலே ஓடிபி வந்தாலோ, "அனுமதிக்கவா?" என்று கைப்பேசி கேட்டாலோ, உங்கள் கடவுச்சொல் யாருக்கோ தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். மறுத்துவிட்டு, வந்த செய்தியிலுள்ள இணைப்பைத் தொடாமல், தளத்துக்கு நேரடியாகப் போய்க் கடவுச்சொல்லை மாற்றுங்கள். தொல்லை தாங்காமல் ஒருமுறை அனுமதியை அழுத்திவிடுவார் என்று எதிர்பார்த்தே திரும்பத் திரும்பக் கேட்க வைப்பவர்கள் உண்டு.

கைப்பேசி மாற்றும்போது, பழையதை அழிப்பதற்கு முன் செயலியின் கணக்குகளைப் புதியதற்கு மாற்றிச் சோதித்துவிடுங்கள். கூகுளின் ஆதென்டிகேட்டர் செயலியில் கிளவுடில் சேமிக்கும் வசதியே 2023 ஏப்ரலில்தான் வந்தது. அதை இயக்கியிருந்தாலும் கூகுள் கணக்கின் மீட்புக் குறியீடு தாளில் இருக்கட்டும். அந்தக் கணக்கைத் திறந்தால்தானே சேமித்தவை திரும்பக் கிடைக்கும்?

கைப்பேசி தொலைந்துவிட்டால் மீட்புக் குறியீட்டால் உள்நுழையுங்கள். பழைய செயலிப் பதிவை நீக்கிப் புதியதை அமையுங்கள், புது மீட்புக் குறியீடுகளை எடுங்கள். பிறகு "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதை அழுத்துங்கள். தொலைந்த கைப்பேசியில் "இந்தச் சாதனத்தை நம்பு" என்று எப்போதோ குறியிட்டிருந்தால், அதை எடுத்தவரிடம் தளம் எண்ணே கேட்காது. எண் குறுஞ்செய்தியில் வருவதாக இருந்தால், இவை எல்லாவற்றுக்கும் முன்பாகத் தொலைபேசி நிறுவனத்தை அழைத்து சிம்மை முடக்கச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்