கிட்டார் கம்பியின் தடிமனும் வீண் கௌரவமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் இசைப் பக்கத்தைத் தொடர்ந்து படித்துவரும் வாசகன் நான். கிட்டார் கற்றுக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவன். கிட்டார் கலைஞர்களைப் பற்றிய கட்டுரை எதுவானாலும், அவர்கள் கூடிப் பேசும் இடம் எதுவானாலும், இன்னார் எவ்வளவு தடித்த கம்பி போட்டு வாசிக்கிறார் என்ற பேச்சு எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது. தடித்த கம்பி போடுபவர் கைவலு உள்ளவர், உழைப்புக்கு அஞ்சாதவர், அசல் கலைஞர் என்றும், மெல்லிய கம்பி போடுபவர் சௌகரியம் பார்ப்பவர், இன்னும் தேறாதவர் என்றும் ஓர் எண்ணம் அந்தப் பேச்சுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த எண்ணத்துக்கு ஆதாரம் இல்லை என்பதோடு, புதிதாகக் கற்பவர்களுக்கு இதனால் கேடும் விளைகிறது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கம்பியின் தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு சொல்லப்படுகிறது. ஒரு தொகுதியில் மிக மெல்லியதான முதல் கம்பியின் எண்ணே அத்தொகுதிக்கும் பெயராகிவிடுகிறது. எலெக்ட்ரிக் கிட்டாரில் 9 முதல் 42 வரையிலான தொகுதியும் 10 முதல் 46 வரையிலான தொகுதியும் மிகப் பரவலாகப் புழங்குபவை. அகூஸ்டிக் கிட்டாரில் 12 முதல் 53 வரை. 9-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசம் 0.025 மில்லிமீட்டர்தான், அதாவது ஒரு தலைமுடியின் தடிமனில் பாதிக்கு மேல் இராது. இவ்வளவு சிறிய வித்தியாசத்தை விரல் உணருமா என்று வெளியார் கேட்கக்கூடும். நன்றாகவே உணரும். கம்பியின் நீளமும் சுருதியும் மாறாதபோது, அதை அந்தச் சுருதிக்குக் கொண்டுவரத் தேவைப்படும் இழுவிசை தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்றபடி கூடுகிறது. கம்பியின் அதிரும் நீளம் 648 மில்லிமீட்டராக உள்ள கிட்டாரில் முதல் கம்பியை வழக்கமான சுருதியில் வைத்தால் 9-க்கு ஏறத்தாழ 6 கிலோ இழுவிசை வேண்டும், 10-க்கு 7.3 கிலோவுக்குச் சற்று மேல். 11-க்குக் கிட்டத்தட்ட 9 கிலோ. 13-க்குப் போனால் 12 கிலோவைத் தாண்டிவிடுகிறது. ஆறு கம்பிகளையும் சேர்த்தால், 9 தொகுதிக்கும் 10 தொகுதிக்கும் இடையில் கிட்டாரின் கழுத்து தாங்கும் சுமை 38 கிலோவிலிருந்து 46 கிலோ வரை ஏறுகிறது.

ஆனால் இந்தக் கணக்கில் தடிமன் ஒரு பாதி மட்டுமே. கம்பியின் அதிரும் நீளமும் வைக்கப்படும் சுருதியும் இன்னொரு பாதி. பெருமை பேசுபவர்கள் இந்த இரண்டாம் பாதியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஃபெண்டர் கிட்டார்களில் வழக்கமான நீளம் 648 மில்லிமீட்டர், கிப்சன் கிட்டார்களில் சுமார் 628. இந்த இரண்டு சென்டிமீட்டர் குறைவினாலேயே, அதே கம்பி அதே சுருதியில் சுமார் 6 விழுக்காடு தளர்ந்துவிடுகிறது. சுருதியை அரை சுரம் இறக்கினால் மேலும் 11 விழுக்காடு குறைகிறது. ஆகவே நீளத்தையும் சுருதியையும் சொல்லாமல் "நான் 11 போடுகிறேன்" என்று மட்டும் ஒருவர் சொன்னால், அவர் விரலுக்கு எவ்வளவு பாரம் வருகிறது என்பது நமக்குத் தெரியாது.

தடித்த கம்பிக் கட்சியினர் முதலில் எடுத்துவைக்கும் பெயர் அமெரிக்க ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான். 13-இல் தொடங்கும் கம்பிகளைப் போட்டு அவர் எழுப்பிய நாதத்துக்கு ஈடில்லை என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. அவர் கிட்டாரை அரை சுரம் இறக்கி வைத்திருந்தார் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும் அல்லவா? மேலே சொன்ன கணக்குப்படி பார்த்தால், அவருடைய 13 கம்பியின் இழுவிசை வழக்கமான சுருதியில் வைத்த 12 கம்பியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதுவும் கடினம்தான், மறுக்கவில்லை. விரல் நுனித் தோல் கிழிந்து, அதை ஒட்டுப் பசை கொண்டு ஒட்டிக்கொண்டு மேடையேறியவர் அவர். அந்தப் பசையையும் சேர்த்துப் பின்பற்ற விரும்புபவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை.

மறுபக்கம் ZZ டாப் என்ற ராக் குழுவின் பில்லி கிப்பன்ஸைப் பாருங்கள். இளம் வயதில் தடித்த கம்பி போட்டிருந்த அவருடைய கிட்டாரை ப்ளூஸ் மேதை பி.பி. கிங் வாங்கி வாசித்துப் பார்த்துவிட்டு, ஏன் இப்படி வீணாகப் பாடுபடுகிறாய் என்று கேட்டதாக கிப்பன்ஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். பிறகு அவர் மெல்லிய கம்பிகளுக்கு மாறி, கடைசியில் 7-இல் தொடங்கும் தொகுதிக்கே வந்துவிட்டார். அவருடைய கிட்டாரின் கனத்த ஒலியைக் கேட்டு, இது மெல்லிய கம்பி என்று கண்ணை மூடிக்கொண்டு எவராவது சொல்லிவிட முடியுமா என்பது எனக்குச் சந்தேகமே.

இந்த வாதத்தை முற்றாக உடைப்பவர் பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமி. பர்மிங்காமில் தகடு வேலை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நேர்ந்த விபத்தில் வலக்கையின் இரண்டு விரல்களின் நுனியை இழந்தவர் அவர். இடக்கைக்காரர் என்பதால், இழந்தது கம்பியை அழுத்தும் கையின் விரல்கள். இரண்டே விரல்களை முழுமையாகப் பயன்படுத்தி வாசித்த ஜாஸ் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கேட்டுத்தான் மறுபடியும் தெம்பு பெற்றார். உருக்கிய பிளாஸ்டிக்கில் விரலுக்கு உறை செய்துகொண்டார். பேஞ்சோ என்ற நரம்பிசைக் கருவியின் மெல்லிய கம்பிகளைக் கிட்டாரில் பூட்டினார். 1971 வாக்கில் மூன்று அரை சுரங்கள் இறக்கியும் வைத்துக்கொண்டார். அவ்வளவு இறக்கும்போது இழுவிசையில் ஏறத்தாழ 30 விழுக்காடு போய்விடுகிறது. ஹெவி மெட்டல் என்று உலகம் கொண்டாடும் கனத்த ஒலி, மெல்லிய கம்பிகளைத் தளர்த்திக் கட்டிய ஒரு கிட்டாரிலிருந்து பிறந்தது என்பதைக் கைவலு பற்றிப் பேசுபவர்கள் ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம். பேஞ்சோ கம்பியைக் கிட்டாரில் போடும் உபாயம் அயோமிக்கு முன்பே அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ஜேம்ஸ் பர்ட்டன் போன்றவர்கள் கையாண்டதுதான். கிட்டார் கடை நடத்திய எர்னி பால் 1960-களின் தொடக்கத்தில் மெல்லிய தொகுதிகளை விற்கத் தொடங்கியதற்கும், மூன்றாம் கம்பியை இழுத்து வளைக்க மாணவர்கள் திணறியதைக் கண்டதே காரணம்.

இனி, தடித்த கம்பிதான் நல்ல நாதம் தரும் என்ற வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது. அகூஸ்டிக் கிட்டாரில் தடித்த கம்பி மேற்பலகையைக் கூடுதல் விசையோடு அதிரவைப்பதால் ஒலி பெருகும். ஒலிபெருக்கி இல்லாமல் பலரோடு சேர்ந்து, கம்பியை மீட்டும் சிறு தகடான பிக்கால் ஓங்கி அடித்து வாசிப்பவர்கள் 13 போடுவதற்கு நியாயம் உண்டு. கண்ணாடிக் குழாயையோ உலோகக் குழாயையோ கம்பிமேல் நகர்த்தி வாசிக்கும் ஸ்லைடு முறைக்கும், சுருதியை வெகுவாக இறக்கி வாசிப்பவர்களுக்கும் தடித்த கம்பி தேவைதான். இல்லையென்றால் கம்பி தொளதொளத்து, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டையான ஃப்ரெட்டில் மோதி இரையும். எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பிக்கப்பின் காந்தப் புலத்தில் அசையும் உலோகம் கூடுவதால் சமிக்ஞையும் சற்றுக் கூடும். ஆனால் பிக்கப்பை ஒரு திருகு உயர்த்தினாலோ ஆம்ப்ளிஃபயரில் ஒலியளவைக் கொஞ்சம் ஏற்றினாலோ அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி காணாமல் போய்விடும். மறுபாதியை யாரும் சொல்வதில்லை. மேலே மெல்லிய கம்பி சுற்றிய சுற்றுக்கம்பியாக இல்லாத வெறும் எஃகுக் கம்பி தடிக்கத் தடிக்க விறைப்பும் கூடுகிறது. விறைத்த கம்பியின் மேல்நாதங்கள் தம் சரியான இடத்தைவிட்டு மேலே விலகுகின்றன. அகூஸ்டிக் கிட்டாரில் மூன்றாம் கம்பிக்குச் சுற்றுக்கம்பி போடுவதன் காரணம் இதுவே. தடிமன் என்பது கூட்டக் கூட்ட நல்லதாகிக்கொண்டே போகும் சரக்கு அன்று.

மெல்லிய கம்பி சுருதி நில்லாது, இழுத்தால் கட்டுக்கடங்காமல் ஓடிவிடும், அடிக்கடி அறுந்துபோகும் என்றும் சொல்லக் கேட்கிறோம். ஒரே உலோகத்தாலான இரண்டு வெறும் கம்பிகளை ஒரே நீளத்தில் ஒரே சுருதியில் கட்டினால், அவற்றின் குறுக்குப் பரப்பில் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டர் மீதும் விழும் தகைவு ஒன்றேதான். தடிமன் அங்கே கணக்கில் வருவதில்லை. ஆகையால் முறுக்கிக்கொண்டே போனால் 9 கம்பியும் 11 கம்பியும் ஏறத்தாழ ஒரே சுருதியில்தான் அறும். அதேபோல் இரண்டையும் ஒரே தூரம் பக்கவாட்டில் தள்ளினால் சுருதி ஒரே அளவுதான் ஏறும். மாறுவது, அவ்வளவு தூரம் தள்ளுவதற்கு விரல் கொடுக்க வேண்டிய விசை மட்டுமே. கைப்பழக்கம் முரடாக இருப்பவருக்கு மெல்லிய கம்பி கூடுதலாக நகர்ந்து கொடுக்கிறது. ஓங்கி அடிக்கும் பிக்குக்கு எளிதில் அறுந்தும் போகிறது. அத்தகையவர் தடித்த கம்பிக்கு மாறுவதில் தவறே இல்லை. அவருடைய கைக்கு அது பொருந்துகிறது, அவ்வளவுதான். அதைக் கொண்டு மற்றவர்களைக் குறைத்துப் பேசுவதுதான் பொருந்தாதது.

மெல்லிய கம்பிக்காரர்களிலும் சிலர் இப்போது கிப்பன்ஸைக் காட்டி எதிர்க்கட்சி நடத்தத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். தடித்த கம்பி போடுபவர்கள் எல்லாரும் பழம்பஞ்சாங்கம் என்ற இவர்களுடைய ஏளனமும் அதே நோயின் மறுமுகம். உண்மையில் பெரும்பாலோர் எந்தக் கட்சியிலும் இல்லை. கிட்டார் வாங்கும்போது அதில் என்ன கம்பி பூட்டியிருந்ததோ அதையே காலமெல்லாம் வாங்கிப் போடுகிறார்கள். அவர்களும் ஒருமுறை ஓர் எண் மேலேயோ கீழேயோ மாற்றிப் பார்க்கலாம் என்பேன்.

மாற்றும்போது கம்பியை மட்டும் மாற்றிவிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் நட்டில் 9-க்காக வெட்டப்பட்ட பள்ளத்தில் 11-ஐத் திணித்தால் கம்பி அங்கே சிக்கிக்கொள்ளும். சாவியைத் திருகும்போது சுருதி ஏறாமல் நின்று, திடீரென "டிங்" என்று ஒரு சத்தத்தோடு தாவும். கூடுதல் இழுவிசையில் கழுத்து முன்னோக்கி வளைவதால் உள்ளிருக்கும் ட்ரஸ் ராட் என்ற எஃகுத் தண்டை முறுக்க வேண்டியிருக்கும். கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் ஸ்பிரிங்கில் மிதக்கும் கிட்டாரில் அது பின்பக்கம் எழும்பி நிற்கும். பிரிட்ஜின் மேல் கம்பி அமரும் சேடிலை நகர்த்தி ஒவ்வொரு கம்பிக்கும் சுருதித் துல்லியத்தைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். இவற்றில் எதையும் செய்யாமல் "தடித்த கம்பி எனக்கு ஒத்துவரவில்லை" என்றோ "மெல்லிய கம்பி இரைகிறது" என்றோ முடிவுகட்டுபவர்கள் குறை சொல்வது கம்பியை அன்று, சரிசெய்யப்படாத கிட்டாரை.

என்னைக் கடிதம் எழுதத் தூண்டியது மாணவர்கள் படும் பாடுதான். சிறு கையுள்ள பிள்ளையிடம் 12 பூட்டிய அகூஸ்டிக் கிட்டாரைக் கொடுத்து, முதல் ஃப்ரெட்டில் சுட்டுவிரலை ஆறு கம்பிகளுக்கும் குறுக்கே படுக்கவைத்து எஃப் கார்டு பிடிக்கச் சொல்கிறோம். மூன்று கம்பி ஒலிக்கிறது, மூன்று கம்பி ஊமையாகிறது. மணிக்கட்டு வெளியே மடங்குகிறது, கட்டைவிரல் கழுத்தின் பின்னால் வெளுத்துப்போகிறது. விரல் காய்த்தால் சரியாகிவிடும், வலியைப் பொறுத்துக்கொள் என்று தேற்றும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். நுனித்தோல் காய்ப்பது வேறு, தசைநாரில் வலி எடுப்பது வேறு. முன்னது பயிற்சியின் விளைவு, பின்னது நிறுத்தச் சொல்லும் எச்சரிக்கை. அந்தப் பிள்ளைக்கு 10 அல்லது 11 தொகுதியைப் பூட்டிக் கொடுத்தால் எதுவும் குறைந்துவிடாது. அதற்கும் முன்னால் நட்டைப் பார்க்க வேண்டும்: எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியை முதல் ஃப்ரெட்டில் பூட்டி, அதற்கு அடுத்த ஃப்ரெட்டில் அதே கார்டைப் பிடித்துப் பார்த்தால் சட்டென்று எளிதாகிறது என்றால், குற்றம் பிள்ளையின் விரலிலும் இல்லை, கம்பியின் தடிமனிலும் இல்லை, நட்டின் பள்ளம் உயரமாக இருக்கிறது. அரம் கொண்டு சற்றே ஆழப்படுத்தினால் தீரும் வேலை அது.

ஆகவே தங்கள் இசைப் பக்கத்தில் கலைஞர்களின் கருவிகளைப் பற்றி எழுதுபவர்களிடம் தாங்கள் ஒன்றைத் தெரிவிக்க வேண்டுகிறேன். ஒருவர் போடும் கம்பியின் எண்ணைக் குறிப்பிட்டால், அந்தக் கிட்டாரில் கம்பி அதிரும் நீளத்தையும் அவர் வைக்கும் சுருதியையும், பிக்கால் வாசிக்கிறாரா விரலால் வாசிக்கிறாரா என்பதையும் உடன் குறிப்பிடட்டும். "அசாத்தியமான தடித்த கம்பிகளில் வாசிப்பவர்" என்ற அடைமொழியை அவர்கள் விட்டுவிட்டாலும் நல்லது. அதைப் படித்த மறுநாளே 13 வாங்கிக்கொண்டு வகுப்புக்கு வந்து நிற்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கிட்டார் ஆசிரியர் ஒருவர்