நவக்கிரக சந்நிதி திருப்பணி நிறைவு: உறுப்பினர்களுக்குத் திருப்பணிக் குழுவின் அறிக்கை

திருப்பணிக்குத் தோள்கொடுத்த உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நம் சிவன் கோயிலின் ஈசானிய மூலையில் உள்ள நவக்கிரக சந்நிதித் திருப்பணி நல்லபடியாக முடிந்து, ஆவணியில் கும்பாபிஷேகமும் ஆகிவிட்டது. தை மாதம் பாலாலயம் செய்தபோது (திருப்பணிக்காகத் தெய்வ சக்தியைத் தற்காலிகமாக வேறிடம் மாற்றும் சடங்கு) மூன்று மாத வேலை என்றுதான் உங்களிடம் சொன்னோம். ஏழு மாதம் பிடித்தது. அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

பழைய மேடை செங்கல்லும் சிமென்டும் சேர்ந்தது, மேலே டைல்ஸ். அபிஷேகத் தண்ணீர் வடிய வழியில்லை. சிலைகளைப் பீடத்தோடு பிடித்து வைத்திருந்த அஷ்டபந்தனம் வெடித்து, குரு பகவான் தொட்டாலே ஆடுகிற நிலையில் இருந்தார். அஷ்டபந்தனத்துக்கு 12 வருஷம் என்று கணக்கு வைப்பார்கள். நாம் அதைத் தாண்டி வெகுநாள் விட்டுவிட்டோம். மேடையை உடைத்த பிறகுதான் அடியில் மண் இறங்கியிருப்பது தெரிந்தது. அஸ்திவாரத்திலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

அப்புறம் சிலைகளைச் சுத்தம் செய்த வேலை. மிஷின் வைத்து மணல் வீசி எடுத்தால் இரண்டு நாளில் முடியும் என்றார்கள். கல்லின் முகமே தேய்ந்துவிடும் என்பதால் வேண்டாம் என்று ஒருமனதாக முடிவு செய்தோம். சீயக்காய், அரிசி மாவு, வெந்நீர், தென்னை நார், இவ்வளவுதான். சனீஸ்வரருக்கு மட்டும் நாலு நாள் ஆனது. பல வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு தார் மாதிரி உரிந்து வந்தது. வெறும் பீடம் என்று நாம் நினைத்திருந்த இடத்தில் ஒரு காகம் இருந்தது. அலகு நுனிகூட உடையவில்லை. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் போட்ட சத்தத்தில் மடப்பள்ளியில் இருந்தவர்களும் ஓடி வந்தார்கள்.

பிசுக்கு போனதும் இன்னொன்றும் தெரிந்தது. இதை உங்களிடம் மறைக்கக் கூடாது. நடுவில் சூரியன், மேற்கே சனி. சனிக்கு ஒரு பக்கம் தென்மேற்கில் ராகுவும், மறுபக்கம் வடமேற்கில் கேதுவும் இருக்க வேண்டும். நம் சந்நிதியில் இந்த இருவரும் இடம் மாறி இருந்தார்கள். மனிதத் தலையும் பாம்பு உடலுமாக இருப்பவர் ராகு, பாம்புத் தலையும் மனித உடலுமாக இருப்பவர் கேது. கரி மூடியதில் தலை எது, படம் எது என்றே தெரியாமல் போயிருக்கிறது. முன்பு டைல்ஸ் ஒட்டியபோது எடுத்து வைத்ததில் நடந்த தவறாகத்தான் இருக்க வேண்டும். இத்தனை நாள் ராகு என்று எண்ணிக் கேதுவுக்கு உளுந்து வைத்தோமே என்று பலர் கலங்கினார்கள். மனதில் நினைத்து அழைத்தவருக்கே அது சேர்ந்திருக்கும், கவலை வேண்டாம் என்று சிவாச்சாரியார் சொன்ன பிறகே எங்களுக்கும் நிம்மதி வந்தது. பிராயச்சித்த ஹோமம் செய்து, இப்போது அவரவர் இடத்தில், ஒருவரை ஒருவர் பார்க்காதபடி பிரதிஷ்டை ஆகியிருக்கிறது.

புது மேடை முழுக்கக் கருங்கல். சுற்றி வரும் பாதையில் பாலீஷ் போடவில்லை. வயதானவர்கள் வழுக்கி விழுந்த இடம் அது, அதனால் கல்லைக் கொத்தியே விட்டிருக்கிறோம்.

அஷ்டபந்தனம் இடித்த அன்று வந்தவர்களுக்கு அந்த வாசனை மறக்காது. கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்கிலியம், காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய். எட்டையும் சேர்த்து உரலில் இடிக்க இடிக்க, முதலில் பொடியாக உதிர்ந்தது மெல்ல மெல்ல இளகி, கையில் உருட்டினால் திரியாக நீளும் பதத்துக்கு வந்தது. ஆள் மாற்றி ஆள் இடித்தார்கள். கை கொப்பளித்த இளைஞர்களுக்குக் குழுவின் நன்றி.

யாகசாலைக்கு நவகுண்டம் போடலாம் என்ற யோசனை வந்தது. நம் பிரகாரத்துக்கு அது தாங்காது. ஒரே குண்டம், ஆனால் ஒன்றும் குறையாமல் செய்வோம் என்று முடிவாயிற்று. நவக்கிரக ஹோமத்தில் ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒரு சமித்து, அதாவது அக்கினியில் இடும் குச்சி. சூரியனுக்கு எருக்கு, சந்திரனுக்குப் பலாசு, செவ்வாய்க்குக் கருங்காலி, புதனுக்கு நாயுருவி, குருவுக்கு அரசு, சுக்கிரனுக்கு அத்தி, சனிக்கு வன்னி, ராகுவுக்கு அருகு, கேதுவுக்குத் தர்ப்பை. கிரகத்துக்கு 108 என்றால் மொத்தம் 972 ஆகுதி. எருக்கும் நாயுருவியும் வாய்க்கால் கரையிலேயே கிடைத்தன. கருங்காலிக்குத்தான் அலைச்சல், கடைசியில் நாட்டு மருந்துக் கடையில் சொல்லி வைத்து வாங்கினோம். ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, கட்டுக் கட்டாகக் கட்டி, பெயர்ச் சீட்டு செருகிக் கொடுத்தது நம் மகளிர் குழு. அந்தக் கட்டுகள் இல்லாவிட்டால் அன்று மந்திரம் ஒரு பக்கமும் சமித்து ஒரு பக்கமும் போயிருக்கும். நாம் கொடுக்கும் அவியை அந்தந்தத் தேவதையிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் அக்கினி. அவர் கையில் சரியானதைக் கொடுப்பது நம் பொறுப்பு இல்லையா?

குண்டத்துக்கு மேல் கீற்று போடாமல் தகரத்தை உயர்த்திக் கட்டி, புகை போக இடைவெளி விட்டோம். மணல் வாளியும் தண்ணீர்க் குடமும் கடைசிவரை பக்கத்திலேயே இருந்தன. ஹோமத்தை நிறைவு செய்யும் பூர்ணாகுதியின்போது ஓதுவார் சம்பந்தரின் கோளறு பதிகத்தின் 11 பாடல்களையும் பாடினார். முதல் பாட்டில் ஏழு கோள்களின் பெயரும், ராகு கேதுவைக் குறிக்கும் 'பாம்பிரண்டும்' என்பதும் வருகிற இடத்தில் கூட்டம் முழுக்கச் சேர்ந்து பாடியது.

வரவு செலவைத் தனித் தாளில் ரசீது எண்ணோடு எழுதி, கோயில் அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். கல் வேலைக்குத்தான் அதிகம் போனது, அடுத்தபடி நெய். நெய்யில் சிக்கனம் பார்க்கவில்லை. மீதித் தொகை, கும்பாபிஷேகத்துக்குப் பிறகு தினமும் நடக்கும் மண்டலாபிஷேகத்துக்கு. அந்த 48 நாளில் சில நாட்களுக்கான உபயத்தை இன்னும் யாரும் ஏற்கவில்லை. விருப்பமுள்ளவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஒரு வேண்டுகோள். எள் முடிச்சு தீபத்தை மேடையில் ஏற்ற வேண்டாம். சந்நிதிக்கு வெளியே, காற்றுக்கு மறைவாக, எண்ணெய் வடிய தட்டு வைத்து இரும்பு விளக்கு மேடை ஒன்று செய்திருக்கிறோம். சனிக்கிழமை கூட்டத்தில் அங்கே நின்று வழிகாட்டக் குழுவினர் இருப்பார்கள். சனீஸ்வரரின் காகம் மறுபடி கரியில் மறைந்துவிடக் கூடாது.

ஹோமச் சாம்பலைச் சலித்து, நெய்யில் குழைத்த ரட்சை மடப்பள்ளியில் இருக்கிறது. வெளியூர் உறுப்பினர்களுக்கும் எடுத்து வைத்திருக்கிறோம். வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

திருப்பணிக் குழுவினர்